ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர் தன்னுடைய ரூகர் நம்பர் 1 ரைஃபிளை விற்கிறார். 1-பி வகை, .25-06 காலிபர் (தோட்டா அளவு). பழைய ஸ்கோப், ஒரு டப்பா காலிக் கூடுகள், அந்தக் கூடுகளில் மறுபடி தோட்டா செய்ய உதவும் ரீலோடிங் டை எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் மரக்கட்டையின்) பின்பக்கத்தை ஒரு இன்ச் அளவுக்கு வெட்டி, வேறு ரப்பர் பேட் போட்டிருக்கிறார்கள். மற்றபடி பளபளவென்று இருக்கிறது. விளம்பரங்களில் இந்த மாடலுக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதையேதான் அவரும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு இந்த விலை நியாயமா? எதைப் பார்த்து முடிவு செய்வது? அவரிடம் ரெமிங்டன் ரோலிங் பிளாக் என்ற பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளும் ஒன்று இருக்கிறது. “நூறு வருஷத்துக்கு மேலே பழசு, அதுக்கு விலை இன்னும் அதிகம்” என்கிறார். அது சரியா?

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்பதை 100 என்று வைத்துக்கொள்வோம். பேரல் நன்றாக இருந்தால் 80-ஐ ஒட்டிக் கொடுக்கலாம். பேரலின் தொண்டை (உள்ளே தோட்டா அறை முடியும் இடம்) தேய்ந்திருந்தால் 60-க்கு மேல் போக வேண்டாம். அதோடு ஸ்டாக்கில் விரிசலும் இருந்தால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்த்தும் மதிப்புப் போட்டும் வந்த பழக்கத்தில் நான் போடும் கணக்கு இது. துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கப்போவது நீங்கள்தான் என்பதால், கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன்.

“ஒரே தோட்டாவுக்கு இந்த விலையா?” என்று பலரும் கேட்கிறார்கள். எத்தனை தோட்டா பிடிக்கும் என்பதை வைத்து ரைஃபிளின் விலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒற்றைத் தோட்டா ரைஃபிள் என்ற ஒரே பெயரில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பல சாமான்கள் விற்கின்றன. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் ஹேண்டி ரைஃபிள் மாதிரி நடுவில் மடக்கித் திறப்பவை, குறைந்த விலைக்கு விற்கவேண்டும் என்றே செய்யப்பட்டவை. 2015-ல் அதன் தயாரிப்பு நின்றது. அதே மாதிரி மடக்கித் திறப்பதுதான் ஜெர்மானிய பிளேசர் கே95-ம். ஆனால் அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். போட்டிகளில் சுடும் அன்ஷுட்ஸ் .22 ரைஃபிளும் ஒற்றைத் தோட்டாதான்.

உங்களுடையது இவற்றில் ஃபாலிங் பிளாக் என்ற வகை. லீவரைக் கீழே தள்ளினால், தோட்டா அறையின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டி (பிளாக்) செங்குத்தாகக் கீழே இறங்கும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்க்கர்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற அமைப்பைப் பார்த்து, ரூகர் கம்பெனி 1967-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கட்டி வழுக்கி இறங்கும் பள்ளத்தைத் துல்லியமாகக் கடைந்து எடுப்பதில்தான் செலவு. நல்ல வால்நட் மரத்தில் இரண்டு துண்டாக ஸ்டாக் வேறு. சாதாரண ரைஃபிளில் அறையை அடைக்கும் போல்ட் மாதிரி எதுவும் முன்னும் பின்னும் போய்வர இடம் தேவையில்லை என்பதால், பேரலைத் தாங்கும் இரும்பு உடலான ரிசீவர் குட்டையாக இருக்கும். 26 இன்ச் பேரல் இருந்தும், மொத்த நீளத்தில் சாதாரண போல்ட் ரைஃபிளை விட நீளமாகத் தெரியாது. இதையெல்லாம் விரும்புகிறவர்கள் இருப்பதால்தான் விலை நிற்கிறது. அந்த விருப்பம் உங்களுக்கு இல்லை, மான் வேட்டைக்கோ இலக்குச் சுடவோ ஒரு துப்பாக்கி வேண்டும், அவ்வளவுதான் என்றால், இதே பணத்துக்கு நல்ல போல்ட் ரைஃபிள் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இதுதான் வேண்டும் என்றால், ஒப்பிடுவதைச் சரியாக ஒப்பிட வேண்டும். நம்பர் 1 என்று தேடினால் எல்லாம் கலந்து வரும். 1-ஏ என்பது 22 இன்ச் பேரலும் இரும்பு சைட்டும் (ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்கும் அமைப்பு) உள்ள இலகுவான வகை. 1-வி கனத்த பேரல். 1-எச் பெரிய ஆப்பிரிக்க விலங்குகளுக்கான காலிபர்களில் வருவது. ஆர்.எஸ்.ஐ. என்பது பேரல் முனைவரை மரம் போர்த்திய 20 இன்ச் வகை. உங்களுடைய 1-பி 26 இன்ச், இரும்பு சைட் கிடையாது. இவற்றில் அதிகம் கண்ணில் படுவது 1-பி தான். அரிதான காலிபரில் வந்த ஒரு 1-ஏ-யின் விலையைக் காட்டி “நம்பர் 1 இந்த விலைக்குப் போகிறது” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதே வகைக்குள்ளும் சேகரிப்பவர்கள் பார்க்கும் நுணுக்கங்கள் உண்டு. ஆரம்பகால ரூகர்களில் சிவப்பு ரப்பர் பேட் வரும். 1976-ல் செய்தவற்றில் அமெரிக்க விடுதலையின் 200-வது ஆண்டு என்ற முத்திரை இருக்கும். பின்னாளில் வந்தவற்றின் பேரலில் ‘கையேட்டைப் படிக்கவும்’ என்ற எச்சரிக்கை வாசகம் பொறித்திருக்கும், அது இல்லாத பழையவற்றுக்குத் தனி மவுசு. ஆனால் உங்கள் துப்பாக்கியில் பேட்டை மாற்றி மரத்தையும் வெட்டிவிட்டார்கள். சேகரிப்பவர் யாரும் இதைத் தேடி வரப்போவதில்லை. இது சுடுகிறவருக்கான துப்பாக்கி, விலையும் அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும். வெட்டுப்படாதவற்றுக்கான விளம்பர விலையை அவர் கேட்கிறார், சிக்கலே அங்கேதான்.

இந்த விளம்பர விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது விற்கிறவரின் ஆசை. ஆறு மாதமாக ஒருவரும் தொடாத விளம்பரமும் அதே பட்டியலில்தான் நிற்கும். விற்று முடிந்ததை மட்டும் பாருங்கள். ஆன்லைன் ஏலங்களில் முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்க வழி இருக்கும். அதிலும் ஒருவராவது விலை கேட்டு, கைமாறியதைத்தான் எண்ண வேண்டும். அப்புறம் அந்தத் தொகையோடு அனுப்பும் செலவு, உரிமம் பெற்ற டீலர் வழியாக மாற்றும் கட்டணம் எல்லாம் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் விஷயத்தில் துப்பாக்கி பக்கத்திலேயே இருக்கிறது, தொட்டுப் பார்த்து வாங்கலாம். இந்த வசதிக்கு நான் கொஞ்சம் விலை வைப்பேன். அதனால்தான் விற்று முடிந்த விலை 85 என்று தெரிந்தாலும், உங்கள் கணக்கை 90-ல் தொடங்கலாம் என்பேன். அச்சிட்ட விலைக் கையேடுகளில் ‘90 சதவீதம் மூலப் பூச்சு’, ‘80 சதவீதம்’ என்று படிபடியாக விலை போட்டிருக்கும். நிலையைக் கணிக்க அவை உதவும். விலைக்கு அவற்றை நம்பினால் சந்தைக்குப் பின்னால்தான் நடந்துகொண்டிருப்பீர்கள்.

90-லிருந்து எதை எவ்வளவு கழிப்பது? நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இந்தக் குறையைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் சரிசெய்யும் கூலியை மட்டும் கழிப்பேன். முடியாது என்றால் பேரத்தில் பெரிதாகக் கழிப்பேன். கீறலும் ஸ்டாக்கில் மங்கிய வார்னிஷும் கண்ணை உறுத்தும், ஆனால் பெரிய விஷயமில்லை. கண்ணில் படாத இடத்தில் இருப்பதுதான் பணம் தின்னும்.

பேரலில் தொடங்குங்கள். அதற்கு முன் லீவரைத் திறந்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பாருங்கள். எத்தனை வருட அனுபவசாலி கையில் கொடுத்தாலும் இதைச் செய்யுங்கள், நல்ல மனிதர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு பேரலில் துணி விட்டுச் சுத்தம் செய்த பின்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவிய பேரல் எல்லாமே மினுக்கும், அழுக்கடைந்த நல்ல பேரலோ கெட்டுப்போனது போலத் தெரியும்.

.25-06 என்பது .30-06 கூட்டின் கழுத்தைக் .25-க்கு ஒடுக்கியது. ரெமிங்டன் 1969-ல் இதைக் கம்பெனித் தோட்டாவாகக் கொண்டுவந்தது. நிறைய வெடிமருந்து, குறுகின துளை. அந்தச் சூடான வாயு முழுக்க, தோட்டா அறை முடிந்து, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில், அதாவது தொண்டையில் போய் மோதும். .45-70 மாதிரி அழுத்தம் குறைந்த காலிபரில் தலைமுறை கடந்தும் தொண்டை நன்றாக இருக்கும். .25-06-ல் ஒருவர் வரிசையாகச் சூடு ஆறவிடாமல் சுட்டுக்கொண்டிருந்தால் தொண்டை சீக்கிரம் போய்விடும். போனில் மாட்டிப் பார்க்கும் சின்ன போர்ஸ்கோப் கேமரா கிடைக்கிறது, கிளப்பில் யாரிடமாவது இருக்கும். அதை விட்டுப் பாருங்கள். வரிகள் தொடங்கும் இடம் கூர்மையாக, சுத்தமாக இருந்தால் நல்லது. ஏரி வற்றியபின் சேறு வெடித்தது மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. லேசான வெடிப்பு இருந்தாலும் பல துப்பாக்கிகள் நன்றாகவே சுடும், பயப்பட வேண்டாம். வெடிப்பு நீண்டு, வரிகளின் ஆரம்பமே கரைந்துபோயிருந்தால் புதுப் பேரல் செலவு வரப்போகிறது என்று அர்த்தம். 1-பி-யில் பேரலின் மேல் ஸ்கோப் வளையங்களைப் பிடிக்கும் ரிப் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும். புதுப் பேரல் போட்டால் அதையும் அளந்து துளையிட்டுப் பொருத்த வேண்டும். 20 கழிக்கச் சொன்னது அதனால்தான்.

அடுத்து பேரலின் வாய்முனை. ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களைப் பலர் முன்பக்கமாகக் கம்பி விட்டுத் துடைப்பார்கள். கம்பி ஒரே பக்கமாக உரசி உரசி, வாய் கொஞ்சம் நீள்வட்டமாகிவிடும். பேரலில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் குண்டு அங்கிருந்துதான் வெளியேறுகிறது, அதனால் குறி சிதறும். ஆனால் இது திருத்தக்கூடிய குறை. கடைசல் இயந்திரத்தில் நுனியைக் கொஞ்சம் வெட்டிப் புதிதாக முகம் எடுத்துவிடலாம். விற்கிறவர் “இது முன்ன மாதிரி குறி பார்க்கல” என்று சொல்லி, தொண்டை நன்றாக இருந்து, வாய் மட்டும் தேய்ந்திருந்தால், உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

இதே ரகத்தில் நம்பர் 1-க்கே உரிய இன்னொரு குறை உண்டு. அதன் முன்கட்டை (பேரலுக்கு அடியில் இருக்கும் மரம்), ரிசீவரிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புத் தாங்கியில் திருகி மாட்டப்படுகிறது. சுத்தியலின் ஸ்பிரிங்கும் அந்தத் தாங்கியில்தான் இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் மரம் அசைந்து பேரலை அழுத்தும் விதம் மாறும். பேரல் சூடாக ஆகக் குண்டுகள் மேலும் கீழுமாக வரிசை கட்டும். இதற்குப் பல வைத்தியங்கள் இருக்கின்றன, எல்லாமே பேரல் மாற்றுவதோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. ‘நம்பர் 1 என்றாலே குறி சரியில்லை’ என்ற பேச்சில் பாதி இந்த முன்கட்டையால் வந்தது என்பது என் கட்சி. அதனால் சுட்டுப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். ஆறிய பேரலில் மூன்று, பிறகு ஆறவிடாமல் ஒரு ஐந்து. முதல் மூன்று நெருக்கமாக விழுந்து, அப்புறம் வரிசை நீண்டால் முன்கட்டைக் கோளாறு. முதலிலிருந்தே நாலா பக்கமும் தெறித்தால் வேறெங்கோ பிரச்சினை. பர்ஸில் வைத்திருக்கும் பழைய இலக்குத் தாளை எடுத்துக் காட்டினால் ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். எல்லோரும் தங்கள் வாழ்நாளின் மிகச்சிறந்த தாளைத்தான் பத்திரப்படுத்துவார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, அந்த ஒரு டப்பா காலிக் கூடுகள். துப்பாக்கி பேசாது, கூடு பேசும். நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் நடுவில், ஃபயரிங் பின் (அதைக் குத்தும் ஊசி) பதிந்த குழி மையத்தில், வழவழப்பாக இருக்க வேண்டும். பிரைமரின் விளிம்பு தட்டையாகிக் கூட்டோடு ஒட்டிப்போயிருந்தால் அழுத்தம் அதிகமாக வைத்துச் சுட்டிருக்கிறார். பிரைமர் ஓட்டையாகியிருந்தால், பிளாக்கின் முகத்தில் பின் வரும் துளையைச் சுற்றி அரிப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கூட்டின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், கூடு நீண்டு அந்த இடத்தில் மெலிகிறது என்று பொருள். ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய பிளாக்குக்கும் அறையில் கூடு முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அதிகமாக இருக்கலாம், அல்லது டையைத் தப்பாக இறக்கிக் கூட்டின் தோளைக் கூடுதலாகப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். எது என்று ‘கோ’, ‘நோ-கோ’ அளவிகள் சொல்லிவிடும். எந்தப் பழுதுபார்ப்பவரிடமும் அவை இருக்கும், சோதிக்க ஐந்து நிமிடம் போதும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் படியுங்கள். எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு, எத்தனையாவது தடவை என்று பழைய ரீலோடிங்காரர்கள் எழுதி வைப்பார்கள். “அவ்வளவா சுட்டதில்ல” என்று அவர் சொல்லி, சீட்டில் ஏழாவது தடவை என்று இருந்தால், எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

லீவரை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கடைசியில் ‘டக்’ என்று திடமாக உட்கார வேண்டும். மூடிய நிலையில் பிளாக் பக்கவாட்டில் ஆடக்கூடாது. போலித் தோட்டா ஒன்றைப் போட்டு, அது சரியாக வெளியே வருகிறதா, விசையும் சேஃப்டியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். கூடு துள்ளி வெளியே விழாமல் மெல்ல நகர்ந்து நின்றால் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்பர் 1-ல் அதை விருப்பப்படி மாற்றிவைத்துக்கொள்ள முடியும், கூடுகளைப் பொறுக்கச் சோம்பல்பட்டவர்கள் அப்படிச் செய்துகொள்வார்கள்.

இப்போது ஸ்டாக். ரிசீவரின் மேல்வால் (மரத்தின் மேல் பின்னோக்கி நீளும் இரும்புப் பட்டை) மரத்தில் முடியும் இடத்தில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு அங்கிருந்து பின்னோக்கிப் போனால், பெருவிரலால் இருபக்கமும் அழுத்துங்கள். கோட்டில் எண்ணெய் கசிந்தாலோ கோடு விரிந்தாலோ விரிசல். வெறும் மர ரேகை என்றால் எதுவும் நடக்காது. நம்பர் 1-ன் பின்கட்டையை உள்ளே நீளமான போல்ட் ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும். அது தளர்ந்தபடியே சுட்டால் மரம் பின்னால் அடிவாங்கி இந்த இடத்தில்தான் முதலில் பிளக்கும். பசை போட்டு மறைத்திருந்தால் சாய்வெளிச்சத்தில் அந்தக் கோடு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும்.

வெட்டின விஷயம்: விசையிலிருந்து பின்பேட்டின் நடுவரை டேப் வைத்து அளந்து பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது பதின்மூன்றரை இன்ச்சை ஒட்டி இருந்திருக்கும். இப்போது இருக்கும் அளவு உங்கள் கைக்குக் கச்சிதமாகப் பொருந்தலாம். ‘எனக்குத்தான் சரியாக இருக்கிறதே, ஏன் கழிக்க வேண்டும்?’ என்று நினைக்காதீர்கள். நாளைக்கு இதை விற்கும்போது வாங்குகிறவரின் கை உங்கள் கை அளவில் இருக்காது. இடையில் ரப்பர் துண்டு வைத்து நீட்டலாம், ஒட்டு ஒட்டாகத்தான் தெரியும். புதுப் பின்கட்டை போட்டால் அதன் நிறமும் ரேகையும் பழைய முன்கட்டையோடு சேராது. ஆகவே 15 கழிகிறது, 75-க்கு வந்துவிட்டோம். வெட்டிய துண்டை எங்காவது எடுத்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். விசித்திரமான கேள்விதான், ஆனால் சிலர் வைத்திருப்பார்கள். அதே மரம் கிடைத்தால் ஒட்டு அவ்வளவாகத் தெரியாமல் சேர்த்துவிடலாம்.

பளபளப்பைப் பற்றிச் சொன்னீர்களே, அதையும் பார்த்துவிடுங்கள். பேரலில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகாணித் துளைகளின் விளிம்பு கிண்ணம் மாதிரி குழிந்து இருந்தால், தேய்த்து மறுபடி ப்ளூயிங் (இரும்பின் மேல் போடும் நீலக்கருப்புப் பூச்சு) போட்டிருக்கிறார்கள். சுடுகிறவருக்கான துப்பாக்கியில் இதற்கு நான் அதிகம் கழிக்க மாட்டேன். ஆனால் ஏன் போட்டார்கள், அடியில் துரு இருந்ததா என்று கேட்க வேண்டியிருக்கும். திருகாணித் தலைகளின் பள்ளம் கிழிந்திருந்தால், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே போய்வந்திருக்கிறார்கள்.

கூடவே தரும் சாமான்களுக்கு மனம் மயங்காதீர்கள். பழைய ஸ்கோப்புக்குப் புது விலையில் பாதி கிடைத்தாலே அதிகம், உள்ளே மூட்டம் இருந்தால் ஒன்றுமில்லை. டை நன்றாக இருந்தால் பயன்படும். ரூகரின் ஸ்கோப் வளையங்கள் மட்டும் அவசியம் உடன் வர வேண்டும். அவை 1-பி-யோடு கம்பெனியே தருபவை, ரிப்பில் நேராக உட்காரும்படி செய்தவை. எல்லாம் சேர்த்து 5. ஆக 80. தொண்டை போயிருந்தால் 60.

அவரிடம் பேசும்போது துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டாம். வருஷக்கணக்கில் வைத்திருந்தவருக்கு அது வலிக்கும், கிளப்பில் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். “ஐயா, வெட்டாத துப்பாக்கி இந்த விலைக்குப் போயிருக்கு, இதில் இதற்காக இவ்வளவு கழித்தேன்” என்று விற்று முடிந்த விலைகளைக் காட்டிச் சொல்லுங்கள். 85-க்கு வந்து, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றால், பேரலும் மரமும் சுத்தமாக இருக்கும்பட்சத்தில் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. உரிமம், மாற்றல் காகிதம் எல்லாம் உங்கள் நாட்டுச் சட்டப்படி முடிந்த பிறகுதான் பணம். வரிசை எண் காகிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுரண்டியது போலத் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ரோலிங் பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். பழசு என்பதற்காக விலை வராது. லியோனார்ட் கைகரும் ஜோசப் ரைடரும் உருவாக்கிய அந்த அமைப்பில் ரெமிங்டனும் மற்றவர்களும் பத்து லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகள் செய்தார்கள். டென்மார்க், ஸ்வீடன், எகிப்து, அர்ஜென்டினா என்று பல நாட்டு ராணுவங்கள் வைத்திருந்தன. பள்ளம் விழுந்த பேரலோடு நிற்கும் ராணுவத் துப்பாக்கிக்கு, சுவரில் மாட்டும் அழகுக்கான விலைதான். இன்னொரு முனையில், 1874-ல் நியூயார்க்கின் கிரீட்மூர் சுடும் மைதானத்தில் அயர்லாந்து அணியை அமெரிக்கர்கள் வென்றபோது கையில் இருந்தது மாதிரியான நீள்தூர இலக்கு ரைஃபிள்கள். அவற்றின் விலையே வேறு, அதனாலேயே போலிகளும் உண்டு. இத்தாலியில் பெடர்சோலி செய்யும் நல்ல நகல்களும் இருக்கின்றன. பேரலின் அடியில் இத்தாலியச் சோதனை முத்திரை இருந்தால் நூறு வருஷக் கதை அங்கேயே முடிந்தது.

பழைய துப்பாக்கியில் விதிகள் தலைகீழ். ரூகரில் நான் பெரிதாகக் கழிக்காத மறு ப்ளூயிங், இங்கே மதிப்பில் பாதியைக் கூடத் தின்னும். மரத்தை மணல்தாள் போட்டுத் தேய்த்தது, ஸ்கோப்புக்காகப் புதிதாகத் துளை போட்டது எல்லாம் அப்படித்தான். அவர் நல்ல எண்ணத்தில் “பாலிஷ் போட்டுத் தரேன்” என்று சொன்னால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

வாங்கினாலும் உடனே சுட வேண்டாம். கருமருந்துக் காலத்து ரிசீவரில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டா ஆபத்து. பின்னால் வந்த 7 மி.மீ. மௌசர் ரோலிங் பிளாக்குகளிலும் பலவற்றுக்கு ஹெட்ஸ்பேஸ் சரியாக இருக்காது, அளக்காமல் தோட்டா போடக்கூடாது. பேரலில் பொறித்திருக்கும் காலிபரையும் அப்படியே நம்ப முடியாது, இடையில் யாராவது அறையை வேறு அளவுக்குக் கடைந்திருக்கலாம். செரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அதை அறையில் ஊற்றி வார்ப்பெடுத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பழுதுபார்ப்பவர் செய்து தருவார்.

அது எந்த வகை என்று தெரியாமல் விலை சொல்ல முடியாது. ரிசீவரின் மேல்வாலில் ரெமிங்டனின் காப்புரிமைத் தேதிகள் வரிசையாகப் பொறித்திருக்கும். அதையும், பேரலின் இருபக்க முத்திரைகளையும், பிளாக்கைத் திறந்துவைத்த நிலையில் அறையின் வாயையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள்.